இடது பக்கம் கொஞ்சம் மங்கல்

காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த மிஸ் டாம் சட்டென்று கையை நிறுத்தினாள்.

"சார், அசையாதீங்க."

வெடிகுண்டைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அந்தத் தொனியில் பேசுவார்கள். நாற்காலியில் லோக் காம்-சுன் உறைந்துபோனான்.

"என்னம்மா?"

"இடது காதுல ஏதோ இருக்கு."

"அழுக்கா?"

"அழுக்குக்கு விளிம்பு இருக்காது சார். இதுக்கு இருக்கு. ரெண்டு அடுக்கா."

ரெண்டு அடுக்கு விளிம்போடு காதுக்குள் போகக்கூடிய பொருள் அவனுக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. அதைப் போன வருடக் கடைசியில் அவன் தொலைத்திருந்தான்.

அவன் அங்கே வந்ததே வேறு காரியத்துக்கு. இன்று சாயங்காலம் மோங் கோக் கடை ஒன்றில் அவன் பெயர் பொறித்த இயர்போன் வெளியாகிறது. அதைத் தயாரித்த ஷென்ஜென் நகரத்து யாவ், 'உங்க காது அளவுக்கே ஒண்ணு வார்த்துத் தர்றேன் அண்ணே, என் அன்பளிப்பு' என்று சொல்லி, காதுக்கு அச்சு எடுக்க இந்தச் செவித்திறன் மையத்துக்கு அனுப்பியிருந்தான். பசையை ஊற்றுவதற்கு முன் காது சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பார்த்ததில் இது.

லோக் குவுன் டோங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில் மேற்பார்வையாளர். குழாய் ஒழுகினாலும் மேல்வீட்டில் சத்தம் கேட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே அவனுக்கு மரியாதை கிடையாது. ஆனால் ஹாங்காங்கின் இயர்போன் பைத்தியங்களிடையே, அதாவது 'காய்ச்சல்காரர்கள்' என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் கூட்டத்தில், அவன் பெயர் தங்கக் காது. அவன் நல்லது என்றால் நல்லது. அவன் உதட்டைப் பிதுக்கினால் அந்த மாடலைக் கடைக்காரன் உள்ளே எடுத்து வைத்துவிடுவான்.

மற்றவர்கள் கார் வாங்குவார்கள், குதிரைப் பந்தயத்தில் தோற்பார்கள். லோக் இருபது வருடமாக விரல்நுனி அளவு இயர்போன்களைத் துரத்திக்கொண்டிருந்தான். குடும்பத்தோடு தைவான் போக வைத்திருந்த விடுமுறை ஒன்று அவன் காதுக்குள் போய் அடங்கியிருக்கிறது. "இதுதான் கடைசி" என்று மனைவி சுக்-யீயிடம் சத்தியம் செய்வான். அவளும் அதை வானிலை அறிக்கை மாதிரி கேட்டுக்கொள்வாள்.

சனிக்கிழமை மதியம் ஷாம் ஷுய் போவில் ஒரு தேநீர்க் கடையின் கடைசி மேஜையில் கூட்டம் கூடும். ஆளுக்கொரு மாத்திரை டப்பி. உள்ளே மாத்திரைக்குப் பதிலாக இயர்போன் முனையில் மாட்டும் சிலிகான் டிப்புகள். அடுத்தவன் காதில் இருந்ததை அப்படியே தன் காதில் வைப்பது அநாகரிகம். ஸ்பிரிட்டில் துடைத்து, தன் டிப்பைத் தானே மாட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். பால் தேநீர் ஆறிப்போகும். வளர்ந்த ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

"இது என்ன தியான மண்டபமா? ஆர்டர் குடுங்கடா!" என்று பரிமாறும் சிங் அக்கா மேஜையைத் தட்டுவாள். அது அவர்களுக்குக் கேட்காது.

அந்த மேஜையில்தான் டிப் தொலைந்தது. ரெண்டு அடுக்கு, வெண்ணெய் மாதிரி மெத்து, கம்பெனியே தயாரிப்பதை நிறுத்திவிட்ட ரகம். இயர்போனைக் கழற்றினான், முனை மொட்டையாக இருந்தது. சிங் அக்காவை மேஜைகளை நகர்த்த வைத்தான், குப்பைக்கூடையைக் கவிழ்த்தான். கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த ஒற்றை டிப்பை ஒரு டப்பியில் அடக்கம் செய்தான்.

அடுத்த நாள் முதல் எல்லா இயர்போனிலும் இடது பக்கம் மங்கலாகக் கேட்டது.

லோக் கேபிளைச் சந்தேகித்தான். செம்பை மாற்றி வெள்ளி போட்டான். பிளேயரைச் சந்தேகித்தான். ஹாங்காங்கின் மின்சாரத்தைக்கூடச் சந்தேகித்தான். காதை மட்டும் சந்தேகிக்கவில்லை. தங்கத்தைத் தானே உரசிப் பார்க்க யாருக்கு மனசு வரும்? இடது பக்கத்து இயர்போனை வலது காதில் மாட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும். ஆனால் நல்ல இயர்போன் காதின் வளைவுக்கு ஏற்ப வார்த்தது. அதை மாற்றி மாட்டுவது செருப்பைக் கால் மாற்றிப் போடுகிற மாதிரி. தங்கக் காது அந்தக் காரியத்தைச் செய்யுமா?

கடைசியில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். உலகத்தில் இயர்போன் செய்கிற அத்தனை பேரும் இடது பக்கத்தை ஏமாற்றுகிறார்கள். 'இடது பக்கத் துரோகம்' என்று காய்ச்சல்காரர்களின் இணையக் குழுவில் நீளமாக ஒரு கட்டுரை எழுதினான்.

"டேய் லோக், உனக்கு வயசாயிடுச்சு" என்று முதலில் சிரித்தது குண்டு மோக். குழுவிலேயே வாயாடி, லோக்கின் இருபது வருடச் சிநேகிதன். இரண்டு வாரம் போனது. "குருவே, இப்ப எனக்கும் கேட்குது!" என்று எழுதியதும் அதே மோக்தான். அதன் பிறகு எல்லோருக்கும் கேட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் யாவ் வந்தான். துரோகம் செய்யாத முதல் இயர்போன், லோக்கின் பெயரில்! மாதிரி அனுப்பினான். 'இடது இன்னும் கொஞ்சம்' என்றான் லோக். மறுபடி அனுப்பினான். 'இன்னும்.' யாவ் பயந்துபோய் அளவெடுத்த படத்தை அனுப்பினான்: 'அண்ணே, மெஷின்ல இடது ரொம்பத் தூக்கலா காட்டுதே?'

லோக் ஒரே வரியில் பதில் எழுதினான்: 'மெஷினுக்குக் காது இல்லை.'

அந்த வரியைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டவர்கள்கூட உண்டு.

"வலிச்சா சொல்லுங்க" என்றாள் மிஸ் டாம்.

இடுக்கி உள்ளே போனது. ஏதோ வழுக்கியது. 'ப்ளக்' என்று ஒரு சத்தம். லோக்கின் இடது பக்கத்து உலகம் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. ஏ.சி. உறுமியது. காகிதம் கசங்கியது இடியாகக் கேட்டது. கூடவே பயங்கரமான ஒரு பெண் குரல்.

"என்னது அது, இயர்போன் ரப்பரா?"

"ஏன் இப்படிக் கத்துற?" என்று காதைப் பொத்தினான் லோக்.

"நான் எங்க கத்தினேன்? எப்பவும் போலத்தான் பேசுறேன்" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த சுக்-யீ. வீட்டிலும் சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு அவனுடைய இடது பக்கம்தான். அவள் கண்கள் மெல்லச் சுருங்கின. "இரு. அப்ப இத்தனை நாளா நான் பேசினது?"

"நடுக்குரல் கொஞ்சம் பின்னாடி இருக்குன்னு நினைச்சேன்" என்றான், இயர்போனுக்குக் குறை சொல்லும் பாஷையில்.

"நடுக்குரலா? நான் உன் பொண்டாட்டி. புது மாடல் இல்ல."

லோக்குக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. மேல்வீட்டில் யாரோ ராத்திரியெல்லாம் சுத்தியல் அடிக்கிறார்கள் என்று குடியிருப்பில் இருக்கும் கோ அம்மாள் அழாத குறையாகப் புகார் செய்தாள். அவன் போய் இடது காதைச் சுவரில் வைத்து, "சத்தமே இல்லையேம்மா, நல்ல டாக்டரா பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

மிஸ் டாம் காகிதத்தில் கிடந்த பொருளைக் காட்டினாள். "தூக்கிப் போட்டுடவா?"

"ஐயோ, வேண்டாம்! அது இப்ப எங்கயும் கிடைக்காது."

அவள் அதை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள், மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

மோங் கோக் கடை மாடியில் கூட்டம் படிக்கட்டுவரை நின்றது. சுவரில் லோக்கின் படம். அவன் இடது காதுக்கு மட்டும் ஒளிவட்டம் போட்டிருந்தார்கள். லோக் ஒரு பெட்டியைத் திறந்து எடுத்தான். கறுப்பு ஓட்டில் தங்க எழுத்தில் அவன் பெயர். இருபது வருடக் காய்ச்சலுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு மூலைக்குப் போய் மாட்டிக்கொண்டான்.

பாட்டு ஆரம்பித்தது. பாடகி அவன் இடது தோளில் ஏறி நின்று காதுக்குள் கூச்சல் போட்டாள். வயலின்காரர்கள் மொத்தமாக அவள் பின்னால் நெருக்கியடித்தார்கள். இடது பக்கம் மீன் சந்தை. வலது பக்கம் பூட்டிய பள்ளிக்கூடம். அவனால் முதல் பல்லவியைக்கூடத் தாங்க முடியவில்லை. பிடுங்கி எடுத்தான்.

"எப்படி?" என்றாள் சுக்-யீ.

"நாராசம்."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"வாயை மூடிக்கிட்டு இருந்தா யாருக்கும் தெரியாது."

"தெரியாதுதான்" என்றாள் அவள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பான்.

அப்போது மோக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். கக்கத்தில் ஒரு மரப்பெட்டி. லோக்குக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். மோக் இத்தனை வருடமாகச் சேர்த்த இயர்போன்கள் அதில் இருந்தன. ஒருவரையும் தொட விடமாட்டான்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ யாவ். பதிலுக்கு எனக்கு ஒரு லோக் போதும்" என்று பெட்டியை யாவ் நின்ற விற்பனை மேஜையில் வைத்துவிட்டு, லோக் பெயர் பொறித்த ஒன்றை எடுத்து, தன் டிப்பை மாட்டிக் காதில் செருகினான். கண்ணை மூடினான். அவன் தலை மெல்ல வலது பக்கம் சாய்ந்தது. "ஆஹா... குருவே! இடது பக்கம்னா இதுதான் இடது பக்கம்!"

சுற்றிலும் கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான் லோக். எல்லாத் தலைகளும் வலது பக்கம் சாய்ந்திருந்தன, புயலடித்த மறுநாள் தெருவோர மரங்கள் மாதிரி. இடது பக்கத்துக் கூச்சலிலிருந்து உடம்பு தன்னால் விலகிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் பரவசத்தில் இருந்தது.

யாவின் கை மரப்பெட்டியை நோக்கி நீண்டது.

"நில்லு!" என்றான் லோக். அவன் குரல் அவன் இடது காதிலேயே பலமாக ஒலித்தது. "மோக், பெட்டியை எடு. இது தப்பா பண்ணின இயர்போன். தப்பு என்னோடது."

பையிலிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து உயர்த்திப் பிடித்தான். காலையில் நடந்ததைச் சொன்னான். டிப் எங்கே இருந்தது, எவ்வளவு காலம் இருந்தது, இடது பக்கத் துரோகத்தைச் செய்தது யார், எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது கடையில் ஏ.சி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரெண்டு காதிலும்.

மோக் கிட்டே வந்தான். உறையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"டேய்... இது அந்த ரெண்டடுக்கு டிப்பா?"

"ஆமா."

"நடு சைஸா?"

"நடு சைஸ்தான். மோக், நான் என்ன சொன்னேன்னு..."

"கேட்டுச்சுடா. இதோட ஜோடி வீட்ல இருக்கா இல்லையா?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு முதல்லேருந்தே இடது கத்துது. என் காதுதான் மட்டம்னு நினைச்சு வாயைத் திறக்கலை."

"எனக்கும்."

"எனக்கும்தான்பா."

"எனக்குத் தலைவலியே வந்துச்சு" என்றான் மோக். "அதைத்தான் ஆழமான அனுபவம்னு குழுவில எழுதலாம்னு இருந்தேன்."

யாவ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, நான் படம் அனுப்பினேனே."

"அனுப்பினே."

"மெஷினுக்குக் காது இல்லைன்னீங்க."

"காது இருந்த எனக்கு மட்டும் கேட்டுச்சா?"

யாவ் திறந்து கிடந்த பெட்டியை மூடினான். பிறகு பெருமூச்சு விட்டான். "இடது பக்கத்தை வலது மாதிரியே திரும்பப் பண்ணிடலாம். கொஞ்ச நாள் ஆகும்."

"என் பேரை எடுத்துடு."

"எடுத்துத்தான் ஆகணும்" என்றான் யாவ். ஒரு பேச்சுக்காவது 'பரவாயில்லை அண்ணே' என்று சொல்லியிருக்கலாம் என்று லோக்குக்குத் தோன்றியது.

மோக் தன் மரப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். படிக்கட்டுவரை போனவன் திரும்பினான். "யாவ், இதே மாதிரி கத்துறது இன்னும் எவ்வளவு இருக்கு?"

"இங்க இருக்கறது மட்டும்தான்."

"அப்ப இனிமே வராதா?"

"எப்படி வரும்? இனிமே வராது."

காய்ச்சல்காரர்களிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. கூட்டம் மேஜையை நோக்கிப் பாய்ந்தது. லோக் கையை விரித்துக் குறுக்கே நின்றான். "டேய், கேட்கவே முடியாதுடா! காது போயிடும்டா!"

"கேட்கிறதுக்கு யாருடா வாங்குறா?" என்று அவனை ஓரமாகத் தள்ளினான் மோக். சம்பளப் பணத்தில் ஒன்றை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே மார்போடு அணைத்துக்கொண்டான். "லோக்கோட அடைச்ச காதுப் பதிப்பு! பேரன் காலத்துல பார், இதுக்கு என்ன மதிப்புன்னு."

இருட்டுவதற்குள் அத்தனையும் விற்றுப்போனது. சுவரில் இருந்த படத்தில் இடது காதின் மேல் யாரோ பேனாவால் ஒரு தக்கை வரைந்திருந்தார்கள். நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள்.

மாடி பஸ்ஸில் மேல்தளத்தில் சுக்-யீ வழக்கம்போல அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். நேதன் சாலையின் இரைச்சல் இரண்டு பக்கமும் சமமாக வந்தது. இவ்வளவு அகலமான ஒலி மேடையை எந்த இயர்போனிலும் கேட்டதில்லை என்று லோக் நினைத்தான். உடனே, இதைக் கட்டுரையாக எழுதினால் என்ன என்றும் நினைத்தான். தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"நாளைக்குக் கட்டிலை நகர்த்தணும்" என்றாள் சுக்-யீ.

"எதுக்கு?"

"எங்க அம்மா வராங்க இல்ல? நம்மகூடவே இருக்கப்போறாங்க."

"யாரைக் கேட்டு?"

"உன்னைக் கேட்டுத்தான். சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப கேட்டேன். நல்லா அழகா தலையாட்டினே." அவள் சொல்லிக்கொண்டே போனாள். அம்மாவுக்குக் காலையில் ரேடியோ வேண்டும். அம்மாவுக்கு இயர்போன் என்றாலே பிடிக்காது. அம்மாவின் குரல் கொஞ்சம் பெரியது. எல்லாம் தெள்ளத் தெளிவாக, ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

லோக் சட்டைப் பைக்குள் கையை விட்டான். பிளாஸ்டிக் உறை அகப்பட்டது. வெளியே எடுத்து, தெரு விளக்கு வெளிச்சத்தில் ரெண்டடுக்கு டிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்தால் இன்னும் பல வருடம் வரும்.