முப்பதாவது பெயர்

வாக்காளர் பட்டியலில் ஒரு பக்கத்துக்கு முப்பது பெயர். அந்த முப்பது பேரையும் தாமரைக்கு ஓட்டுப் போடவைக்க ஓர் ஆள். கட்சியின் ஏற்பாடு அது. எண்பது வயது பன்சிதர் காப்ராவுக்குக் கிடைத்த பக்கத்தில் இருபத்தொன்பது பேர், அவர் வாயைத் திறக்குமுன்பே "ஆகட்டும் பாபுஜி" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். முப்பதாவது, காங்கிரஸ்காரர் தாமோதர் நாகர். அவரிடம் மட்டும் காப்ரா ஓட்டே கேட்கவில்லை.

தாமரைக் கட்சிக்கு முன்னோடியான ஜனசங்கத்தின் முதல் தேர்தலில், பத்தொன்பது வயதில், ஷாஜாபூர் சுவர்களில் தீபச் சின்னம் வரைந்தவர் காப்ரா. அத்தனை தீபங்களையும் ஏற்றியிருந்தால் அந்த மால்வா வட்டாரத்துக்கே பத்து வருஷம் சூரியனே தேவைப்பட்டிருக்காது. பிறகு தாமே நான்கு முறை நின்று, நான்கு முறையும் டெபாசிட் இழந்தார். ஒருமுறை சொந்த வார்டில் விழுந்தது ஒரே ஓட்டு. மனைவியிடம் பதினோரு நாள் பேசவில்லை. தீபம் போய்த் தாமரை வந்தது. எண்பத்துநாலில் நாடு முழுக்க இரண்டே இடம். நாகர் ஜிலேபியோடு துக்கம் விசாரிக்க வந்தார். இப்போது ஊரே தாமரை. மனைவி போய்விட்டாள், மகன்கள் இந்தூரில். காலையில் அவல் கடையில் நாகரோடு போடும் சண்டைதான் நாள் முழுவதற்குமான பேச்சு.

அந்த நாகர் இன்று நான்கு மணிக்குக் காவித் துண்டு போட்டுக்கொள்ளப் போகிறார். செய்தி கேட்டதும் காப்ரா அவர் வீட்டுக்கு ஓடினார். வழியில் இரண்டு ஸ்கூட்டர்களை முந்தியிருப்பார்.

"பண்டிட்ஜி, நீ எங்க கட்சிக்கு வரக்கூடாது."

"அட சேட்டு! அறுபது வருஷமா வா வான்னு தொண்டை கிழியக் கத்தினே. வரேன்னா வழி மறிக்கிறியா?"

"நீயும் வந்துட்டா நான் யாரோட சண்டை போடறது?"

நாகர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றார். "எங்க ஆபீஸ் பூட்டிக் கிடக்குய்யா. உங்க பக்கம் வந்தா உட்கார ஒரு நாற்காலி, பேச நாலு பேர்."

"நாற்காலியா? எனக்கே எட்டாவது வரிசை. பக்கத்துல இருக்கிறவன் போனையே பார்த்துக்கிட்டிருக்கான்."

தெருமுனையில், நாகரை அழைத்துப்போக வரும் கட்சி ஜீப்பின் ஒலிபெருக்கி கேட்டது. காப்ராவுக்கு வேறு வழி தெரியவில்லை.

"போ, போ. அறுபத்திரண்டுல உன் சின்னத்து மாடு ரெண்டும் நொண்டி. பாவம் பார்த்துதான் ஜனங்க ஓட்டுப் போட்டாங்க."

"நொண்டியா? எவன்யா சொன்னது? உன் விளக்குல ஒரு சொட்டு எண்ணெய் இருந்துச்சா?"

"உங்க மாடுதானே குடிச்சுது!"

வாசலில் ஜீப் நின்று ஹாரன் அடித்தது. படியில் நாகரின் ஒரு கால் செருப்புக்குள்; மற்றது இன்னொரு செருப்பைத் தேடித் தரையில் துழாவியது. முகம் மட்டும் காப்ராவின் பக்கம் திரும்பி, ஐம்பத்தேழாம் வருஷத்துத் தேர்தல் கணக்கை உரக்க ஆரம்பித்திருந்தது.