ஒன்பதாவது கேள்வி

செத்துக் கிடந்த அத்தாவின் இடது கையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றும்போது காலித் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. தேய்க்கிற சாக்கில் கழுத்தையும் பார்த்தான். உதடு மட்டும் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. அதை இரண்டு முறை பார்த்தான்.

குளிப்பாட்டப் பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த அத்தாவுல்லா பாய் அவன் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டார்.

“இங்க கண்டத வெளிய சொல்லக்கூடாது காலித்து. மய்யித்தக் குளிப்பாட்றவன் வாயத் தொறக்கக்கூடாது.”

எல்லா வீட்டிலும் அவர் சொல்வதுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவர் எதையோ பார்த்துவிட்டார் என்றே காலித்துக்குப் பட்டது.

அவனுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் சீல் சரிபார்க்கிற வேலை. தாளில் பழைய துணி என்று இருக்கும், உள்ளே வேறெதுவோ இருக்கும். பதினாலு வருஷமாக அதையே பார்த்தவன், மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக்கொடுத்த தாளை மட்டும் எப்படி நம்புவான்? அந்த மனுஷன் வந்து நின்றதே இரண்டு நிமிஷம். விடிகாலைத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது அத்தா கமாலுதீன் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

காலித்துக்கு அதற்கு மேலும் தெரியும். காலையில் ஆதார் அட்டை தேடி அலமாரியைக் கிளறியபோது அத்தாவின் மாத்திரை அட்டை கிடைத்தது. வெள்ளிக்கிழமை அவனே வாங்கி வந்த முழு அட்டை, இன்று ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி. அதன் அடியில் தங்கை ஃபிர்தௌஸின் கேள்வித்தாள் ஒன்று இருந்தது.

அவள் மனநலப் படிப்பில் எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம். துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களில் மனச்சோர்வு பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். அதற்காகக் கல்மண்டபத்தில் வீடு வீடாகப் போய் ஒன்பது கேள்வி கேட்டாள். நாற்பது வீடு போதும் என்பது ஏற்பாடு. தாளில் பேர் எழுத மாட்டாள், எண் மட்டும் போடுவாள். காலித் கையில் கிடைத்தது நாற்பத்தொன்று. வயது ஐம்பத்தைந்துக்கு மேல். குடும்பத்தில் துறைமுக வேலை: கிரேன், முப்பத்துநாலு வருஷம். ஒன்பதாவது கேள்வி, ‘செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா?’ அதற்கு நேரே ‘அநேகமாகத் தினமும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது.

தற்கொலை மார்க்கத்தில் பெரும்பாவம். அத்தா தானே முடித்துக்கொண்டார் என்று வாயைத் திறந்தால் ஹஜ்ரத் தொழுகைக்கு நிற்க யோசிப்பார், ஜமாத்தில் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசுவார்கள். மறைத்தால் ஆண்டவனுக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். மூத்த பிள்ளை என்று அடக்கத்துக்கு முன் ஜனாஸா தொழவைக்கப் போவதும் அவனேதான்.

ஃபிர்தௌஸ் மீதும் சந்தேகம். காலையிலிருந்து அவள் அழவில்லை. காலேஜ் பையைத் தோளைவிட்டு இறக்கவும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் எவளாவது பையை மாட்டிக்கொண்டு திரிவாளா?

கஃபன் துணி சுற்றி முடித்ததும் அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய் அந்தத் தாளை நீட்டினான்.

“உண்மைய சொல்லு. அத்தா மாத்திரைய முழுங்கிட்டாரா?”

அவள் தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது அத்தாது இல்லண்ணே.”

“கிரேன்ல முப்பத்திநாலு வருசம், இந்தத் தெருவுல வேற எவன் கீறான்?”

“அது வூட்டுக்காரரு வேலை. பதில் சொன்னது அம்மா.”

சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. எதிர்வீட்டு ஐரீனைக் கேட்டியே, என்னைக் கேக்க மாட்டியா என்று அம்மா மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்தாளாம். சொந்தக்காரர்களைச் சேர்க்கவே கூடாது என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். போன புதன்கிழமை அம்மாவைச் சமாதானப்படுத்த, வெங்காயம் உரிக்கும்போது விளையாட்டாகக் கேட்டாள். எட்டுக் கேள்விக்குச் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்ன அம்மா, ஒன்பதாவதுக்கு உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாளாம். காலித்துக்குத் தெரியக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாளே ஃபிர்தௌஸ் தன் பேராசிரியரிடம் ஓடினாள். வீட்டில் ஒரு மாத்திரைகூடக் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கக்கூடாது என்றார் அவர். பையைத் திறந்து காட்டினாள். அட்டையிலிருந்து பிரித்தெடுத்த அத்தாவின் மாத்திரைகள் ஒரு டப்பாவில் இருந்தன. வேளாவேளைக்கு அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள், நேற்று இரவு உட்பட.

“வர்ற வியாழக்கிழமை ஆஸ்பத்திரில அம்மாவ டாக்டர்கிட்ட காட்ட சொல்லி வெச்சிகீறேன். இப்ப புருசன் செத்ததுக்கு இத்தால உக்கார வெச்சிருவாங்க. நாலு மாசம் பத்து நாளு வெளிய வுட மாட்டாங்க. நான் சொன்னா எவன் கேப்பான்?”

அத்தா நல்லபடியாகத்தான் போனார் என்று காலித்துக்கு நிம்மதி வந்தது. உடனே அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை. சோறு ஆச்சா என்று தினமும் கேட்டது ஞாபகம் வந்தது.

வெளியே அத்தாவை வைத்த சந்தூக்கைத் தூக்க நாலைந்து பேர் குனிந்துவிட்டார்கள். மூத்த பிள்ளை எங்கே என்று குரல் வந்தது. காலித் போய் முன்பக்கத் தண்டைத் தோளில் வாங்கினான். வாசல்படி தாண்டித் தெருவில் பத்தடி நடந்தான். பிறகு தம்பி தௌசீஃபைக் கூப்பிட்டுத் தோள் மாற்றினான்.

“நீ தொழ வெச்சிரு. நான் வூட்ல கீறேன்.”

தௌசீஃப் திகைத்துப் பார்த்தான். அத்தாவுல்லா பாய் மட்டும் போ என்பதுபோல் தலையை ஆட்டினார். பின்னால் யாரோ, பெத்த தகப்பனுக்கு மண்ணு போடாம எங்க போறான் என்று கேட்டது காதில் விழுந்தது.

உள்ளறையில் பெண்கள் ஜன்னலுக்குத் திரை கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா காத்தூன் பீவி வெள்ளைத் துப்பட்டியில் சுவரோரம் பாயில் இருந்தாள். ஈர லுங்கியோடு அவன் வந்து நின்றதும் நிமிர்ந்தாள்.

“இன்னாடா, நீ போவல?”

“தௌசீஃபு பாத்துப்பான்.” அவள் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான். “வியாழக்கெழம நானும் வரேம்மா.”

அம்மா வாசலில் நின்ற ஃபிர்தௌஸைப் பார்த்தாள். சத்தியம் என்ன ஆயிற்று என்று கேட்கிற பார்வை. ஃபிர்தௌஸ் தலையைக் குனிந்துகொண்டாள். தெருவில் கலிமா சத்தம் துறைமுக ரோட்டுப் பக்கம் திரும்பி, லாரிகளின் இரைச்சலில் தேய்ந்துகொண்டிருந்தது.

அம்மா பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.