லிஃப்ட் வாசலில் விட்ட செருப்பு

"விளையாட்டுக்குச் சொன்னதும்மா, இதுக்குப் போயி—"

"எது மாமா விளையாட்டு? எங்க ஆளுங்களை முட்டாளாக்குறதா?"

"என்னைக் கொஞ்சம் பேச விடு—"

"இவ்வளவு நேரம் நீங்கதானே பேசுனீங்க! அத்தனை பேரும் வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சாங்களே!"

ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடம் அது. விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி நின்றவரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். வாய் ஓயாது. எதிர் முனைகளைப் பிடித்திருந்தவர் அந்தப் பெண்ணின் அப்பா. மலையிலிருந்து பிழைக்க வந்தவர் என்பதால் பெயரே மலை என்று ஆகிவிட்டது. பதினாறு வருடமாக இருவரும் ஜோடி. பெரிய விரிப்பைத் தனி ஆளாக மடிக்க முடியாது. இழுத்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்படிச் சேரும்போதெல்லாம் ரேடியோவிடமிருந்து ஒரு மலைக்காரன் கதை வரும்.

அப்பா மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க வந்த மகள், இன்று வாசலில் நின்று ஒரு கதையை முழுக்கக் கேட்டுவிட்டாள். மலைக்காரன் ஒருவன் முதல்முதலாக லிஃப்ட்டைப் பார்க்கிறான். உள்ளே பளபளவென்று இருக்கவே, செருப்பை வாசலில் கழற்றி விட்டுவிட்டு ஏறுகிறான். ஐந்தாவது மாடியில் கதவு திறக்கிறது. வாசலில் செருப்பைக் காணோம். 'அதுக்குள்ள எவன்டா தூக்கிட்டுப் போனது?' என்று கத்திக்கொண்டே புகார் சொல்லக் கீழே வருகிறான். பார்த்தால், வைத்த இடத்திலேயே இருக்கிறது. 'பரவால்ல, இந்த ஊருத் திருடனுக்கும் மனசாட்சி இருக்கு' என்கிறான்.

இஸ்திரி போடும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான், எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பெண்கள் டீ குடிக்க நகரும் வரை பொறுத்திருந்து, பிறகு ரேடியோவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏன்ப்பா சிரிச்சீங்க?"

"சிரிப்பா இருந்துச்சு, சிரிச்சேன்."

"உங்களுக்கு ரோசமே கிடையாதா?"

ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. "அட, அந்தக் கதையே உங்கப்பன் சொன்னதும்மா! அந்த ஆளே இவன்தான். சொல்லச் சொல்லச் சிரிச்சு, இவன் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. வேணும்னா கேளு."

அப்பா நிமிர்ந்தார். "யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேனேடா."

"உன் பேரை எங்கடா சொன்னேன்? மலைக்காரன்னுதானே சொன்னேன்?"

"அதான். நான் ஒருத்தன் செஞ்சதுக்கு ஊரையே இழுத்து விட்டுட்ட." மகள் பக்கம் திரும்பினார். "நான் மட்டும் சிரிக்காம நின்னா, அது நான்தான்னு தெரிஞ்சுடுமேம்மா."

"எந்த லிஃப்ட்டுப்பா அது?"

அவர் விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவினார்.

"ஆஸ்பத்திரி லிஃப்ட்டு. அஞ்சாம் மாடியில உங்கம்மா இருந்தா. உனக்கு ரெண்டு வயசு. மருந்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வாங்கிட்டு மேல போனா செருப்பைக் காணோம். அவ வாங்கிக் குடுத்த செருப்பு, போனாப் போகுதுன்னு விட மனசில்ல. மருந்தைக் கையில வச்சுக்கிட்டே திரும்பக் கீழ போயிட்டேன்."

"அப்பா…"

"'வந்துட்டாரா'ன்னு ரெண்டு தரம் கேட்டாளாம். நர்ஸ் சொன்னாங்க."

"அம்மா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டேதான் போனாங்கன்னு சொன்னீங்களே?"

ரேடியோவின் பிடி நழுவி, துவைத்த விரிப்பு தரையில் பட்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"டேய், இதைச் சொல்லலியேடா நீ."

"சிரிப்பு வர்ற பாதியை மட்டுந்தான் சொன்னேன். அந்த நாளை நெனச்சு நான் நெசமாச் சிரிச்சது உன்கிட்ட சொன்ன அன்னிக்குத்தான்டா. மனசு எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா? மறுநாளே நீ எல்லாரையும் கூட்டி வச்சுச் சொல்லிட்ட."

மகள் கண்ணாடியை அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள். கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். வெளியே டீ முடித்து வருபவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தவள், பின்னால் நின்ற ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"ரேடியோ அண்ணே, இந்தப் பொண்ணு இன்னிக்குத்தான் வேலைக்குச் சேந்திருக்கு. அந்தச் செருப்புக் கதையை இன்னொரு தரம் சொல்லுங்களேன்!"