உள்கூடு முப்பத்தைந்து

காலை எட்டரைக்கு வந்த மருதையன் கொத்தனார், "ரெண்டு கல்லையும் நகத்திட்டேன் தங்கச்சி. நீ பேசாம இரு" என்றபோது ஜெயபாரதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்தக் கல் என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய மாவு மில்லுக்கும் தஹ்மீனாவின் காலி மனைக்கும் நடுவே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நட்டிருந்த எல்லைக்கற்கள்தான். அவற்றை ஓரடி தஹ்மீனா பக்கம் தள்ளி நட்டுவிட்டு, புல்லை மண்ணோடு பெயர்த்து வந்து பழைய குழிகளின் மேலே பதித்தும் வைத்திருந்தார் மனுஷன். நேற்றுப் பெய்த மழை அவருக்கு வசதியாகப் போயிற்று.

தஞ்சாவூருக்கு வெளியே, நெல்வயல் முடிகிற இடத்தில் சிறுதொழில்களுக்கென்று பிரித்த மனைகள் அவை. எந்தக் கொட்டகை கட்டினாலும் பக்கவாட்டில் பத்தடி காலியாக விடவேண்டும் என்பது சட்டம். தீப்பிடித்தால் வண்டி உள்ளே வரவேண்டாமா? போன மாதம்தான் நாலாவது மனைக்காரர் செட்பேக் விடவில்லை என்று நோட்டீஸ் வாங்கி, ஒரு பக்கச் சுவர் முழுவதையும் இடித்துக்கொண்டிருந்தார். ஜெயபாரதியின் சுவர் ஒன்பதடியில் நின்றது.

அதற்கு அவளைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வரைபடம் சரியாகத்தான் இருந்தது. "பிளான்ல இருக்குறபடியே கட்டு பாரதி, உன் இஷ்டத்துக்கு மாத்தாத" என்று குவைத்திலிருந்து கணவன் ராம்கி படித்துப் படித்துச் சொன்னான். அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடித்த அன்று மருதையன்தான், "உள்கூடு, செவுத்துக்குச் செவுரு உள்ளளவு, முப்பத்திநாலடி வருது. மனையடி சாஸ்திரத்துக்கு ஆகாது தங்கச்சி. முப்பத்தஞ்சுன்னா லட்சுமி" என்றார். குறைக்கலாம் என்றால் மெஷின் வரிசை இடிக்கும். அவள் முன்பு வாடகைக்கு எடுத்து, இரண்டே வருஷத்தில் மூடிவிட்டு வந்த கொட்டகையையும் அவர் ஒருநாள் அளந்து பார்த்திருந்தார். அதுவும் முப்பத்துநாலாம். இதிலெல்லாம் அவளுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இன்னொரு தடவை மூடுவதற்குத் தெம்பும் கிடையாது. கூட்டிப் போடுங்க மேஸ்திரி, ஓரடிதானே என்று அவளே தன் வாயால் சொன்னாள். ராம்கியிடம் இன்றுவரை மூச்சு விடவில்லை.

கட்டடம் முடிந்த சான்று கிடைத்தால்தான் மில்லுக்கு மின்சாரம். அதற்கு இன்றைக்குத்தான் அளக்க வருகிறார்கள். மெஷின் சாக்குப் போர்த்தி இரண்டு மாதமாகக் கிடந்தது.

"திரும்ப எடுத்த எடத்துலயே நட்டுடுங்க மேஸ்திரி" என்றாள்.

"நட்டுட்டு? செவுத்த இடிக்கவா? அந்தப் பொண்ணுக்கு அறுவதடி மனை. ஓரடி போனா தெரியவா போவுது."

வரப்பு வெட்டுகிற சாக்கில் அடுத்தவன் வயலை அரையடி அரையடியாகக் கொத்தித் தன்பக்கம் சேர்த்துக்கொள்கிற ஆட்களை ஜெயபாரதியின் அப்பா ஆயுசு முழுக்கத் திட்டியிருக்கிறார். சோறு தின்கிறவன் செய்கிற வேலையா என்பார். அவள் அதை நினைத்தாள், மெஷினையும் நினைத்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு ஆய்வாளர் குணசேகரன் வந்தார். எதற்கும் பிடிகொடுக்காத ஆள், டீ கூட வேண்டாம் என்றுவிட்டார். மருதையன் கல்லில் டேப்பைப் பிடிக்க, அவர் சுவரில் வைத்துப் பார்த்தார். முன்னால் பத்து. பின்னால் பத்து. ஃபைலில் எழுதினார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மருதையன் இளநீர் வாங்கி வருவதாகச் சொல்லி உற்சாகமாகச் சைக்கிளை எடுத்தார். ஜெயபாரதிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"அக்கா, சார் வந்திருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்கூட்டியை நிறுத்தினாள் தஹ்மீனா. ஊறுகாய்க் கம்பெனி போட அவளும் ஒரு வருஷமாக அலைகிறாள். "இன்ஷா அல்லாஹ் அடுத்த மாசம் கடக்கால் தோண்டப்போறோம் சார். வந்ததுதான் வந்தீங்க, என் மனையவும் ஒருவாட்டி அளந்து சொல்லிடுங்க. எவ்வளவு விட்டுக் கட்டணும்னு பின்னாடி தப்பாயிடக் கூடாது."

குணசேகரன் அவளை மெச்சுகிற மாதிரி பார்த்தார். "எல்லாரும் இப்படி முன்னாடியே கேட்டா எங்களுக்கு ஏன் கெட்ட பேரு? நீங்க அந்தக் கல்லுல புடிங்கம்மா" என்று டேப்பின் நுனியை ஜெயபாரதியிடம் கொடுத்துவிட்டு, மனையின் மறுபக்கத்துச் சாலை வரை நடந்தார்.

ஜெயபாரதி குத்துக்காலிட்டு நுனியைக் கல்லில் வைத்தாள்.

"அம்பத்தொம்போது" என்றார் அவர் அங்கிருந்து.

"அறுவதுல்ல சார்? பத்திரத்துல அறுவதுதானே போட்டிருக்கு." தஹ்மீனா திரும்பிச் சிரித்தாள். "டேப்ப சரியாப் புடிச்சிருக்கீங்களாக்கா?"

அந்தச் சிரிப்பில் சந்தேகம் கொஞ்சமும் இல்லை. அதுதான் ஜெயபாரதியைக் கொன்றது. மனை பிரித்தவன் ஏமாற்றியிருப்பான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் நம்புவாள். அவனைச் சபித்துக்கொண்டே தன் கொட்டகையில் ஓரடி குறைத்துக் கட்டிக்கொள்வாள். காலமெல்லாம் பக்கத்திலிருந்து அக்கா, அக்கா என்று கூப்பிடுவாள். அவள் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் ஜெயபாரதிதான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அவள் கல்லை விட்டாள். உட்கார்ந்தபடியே தன் சுவர்ப் பக்கமாக ஓரடி நகர்ந்து, பதித்திருந்த புல்லை விரலால் நெம்பி எடுத்தாள். அடியில் மண் பொதபொதவென்றிருந்தது. டேப்பின் நுனியை அதற்குள் வைத்து அழுத்தினாள்.

"சார், கல்லு இங்கதான் இருந்துச்சு."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். தஹ்மீனாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அறுவது" என்றார் குணசேகரன். கண்ணாடியைக் கழற்றி அவள் சுவரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மண்ணில் புதைந்திருந்த அவள் கையைப் பார்த்தார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டேப்பைச் சுற்றியபடியே அவளை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஐம்பது அடி, நாற்பது அடி என்று நாடா அவர் கைக்குள் போய்க்கொண்டே இருந்தது. நுனியை விடாமல் ஜெயபாரதி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.