ஆணிக்கு அப்பால் இரண்டு சென்டிமீட்டர்

"மூணு மீனும் சுருங்கிடுச்சுக்கா," என்றான் தசமம்.

அந்த மீன்வள ஆய்வு அலுவலகத்தில் கணினி பார்ப்பவனுக்கு வேறு பெயர் இருந்தது. புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்ணுக்காக ஆளை உயிரோடு தின்பான் என்பதால் தசமம் என்றே நிலைத்துவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக மீன்களை அளந்துகொண்டிருக்கும் அவளுக்கு அளவக்கா என்று பெயர்.

"மீன் சுருங்குமாடா? சலவைக்குப் போட்ட சட்டையா அது?"

"நீங்களே பாருங்க. குடாவுல நீங்க மஞ்சள் நூல் குத்தி விட்ட பாறை மீனுங்க. நாப்பத்தி மூணு இருந்தது நாப்பத்திரெண்டா வந்திருக்கு. நாப்பத்தி நாலு நாப்பத்தி மூணா. நாப்பத்தஞ்சு நாப்பத்தி நாலா. ரெண்டு மாசத்துல ஒரு சென்டிமீட்டர் வளரணும், இதுங்க தேயுது."

"யார் பிடிச்சது?"

"பேர் போடல. சின்னதுன்னு சொல்லி மூணையும் கடல்லயே விட்டுட்டாங்களாம். தொப்பியும் வேண்டாமாம். கிறுக்குத்தனமான கணக்கு, அழிச்சிடறேன்."

"கைய எடு," என்றாள் அளவக்கா.

அவள் குரல் மாறியதில் தசமம் நிஜமாகவே கையை எடுத்துவிட்டான்.

மஞ்சள் நூல் என்பது மீனின் முதுகில் குத்தி விடும் எண் போட்ட பிளாஸ்டிக் இழை. அந்த மீன் யார் வலையில் விழுந்தாலும், எண்ணையும் நீளத்தையும் அங்குள்ள மீன் இறங்குதளத்தில் சொன்னால் போதும், குமாஸ்தா சீட்டில் எழுதி அனுப்புவார். மீன் எங்கே போகிறது, எப்படி வளர்கிறது என்று அதில் தெரியும். சொன்னவருக்கு ஒரு தொப்பி.

ஒவ்வொரு சீட்டு வரும்போதும் அவள் முதலில் பார்ப்பது நீளத்தை அல்ல, பிடித்தவர் பெயரை. ஆறு வருஷமாக.

ஆறு வருஷத்துக்கு முன்னால், குடாவில் பிடிபடும் மீன்களில் பாதி ஒரு தடவைகூட முட்டையிடாதவை என்று அவள் அளவுகள் சொல்லின. குடாவை மூடவேண்டும் என்ற அறிக்கையில் அவளும் கையெழுத்திட்டாள். அந்தக் குடாவில்தான் அவள் தம்பியின் வலை இருந்தது.

"கையெழுத்துப் போடும்போது உனக்கு என் முகம் ஞாபகம் வரலயா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டான்.

"வந்துச்சு. அதனாலதான் ரெண்டு நாள் கழிச்சுப் போட்டேன்."

"அந்த ரெண்டு நாள நீயே வச்சுக்கோ," என்று படகைக் கிளப்பிக்கொண்டு போனவன்தான். அவள் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் போனபோது, படகு கடலில் இருக்கிறது என்று ஆள் விட்டுச் சொன்னான். படகு அவள் கண்ணெதிரே கட்டிக் கிடந்தது. அப்புறம் அந்தத் துறைமுகத்தையும் விட்டுவிட்டான். அவன் பழைய எண் இன்னும் அவள் போனில் இருக்கிறது. கூப்பிட்டால் யாரோ ஒரு பல் டாக்டர் எடுக்கிறார்.

இப்போது சீட்டில் இருந்த இறங்குதளத்தின் எண்ணைச் சுழற்றினாள்.

"பேர் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா," என்றார் குமாஸ்தா.

"பேர் வேண்டாம். எதுல அளக்கறார்?"

"அளவுப் பலகைதான். வெள்ளைப் பெயிண்ட். தலப்பக்கம் ஒரு கட்டை, அதை ஒட்டி ஒரு பெரிய ஆணி."

"டேப்பு எங்கேருந்து ஆரம்பிக்குது?"

"ஆணிக்கு அந்தப் பக்கத்துலேருந்து. ரெண்டு சென்டிமீட்டர் தள்ளி. நாங்களே சொல்லிப் பார்த்தோம், புதுப் பலகை தர்றோம்னு. தொட விடமாட்டேங்கறார். எவளோ கணக்குத் தெரியாத மகராசி செஞ்சு குடுத்ததாம்."

அளவக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபின்தான் இவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

அந்த மகராசி அவள்தான். வேலையில் சேர்ந்த வருஷம், சின்ன மீனை விட்டுவிடு என்று தம்பிக்குச் செய்துகொடுத்த பலகை. ஆணி இடிக்கிறதே என்று டேப்பைத் தள்ளி ஒட்டிவிட்டாள். மீனின் மூக்கு கட்டையில் முட்டும். டேப்பின் எண்களோ இரண்டு சென்டிமீட்டர் தள்ளித்தான் தொடங்கும். நாற்பத்தைந்துக்குக் கீழே பிடிக்கக்கூடாது. அவனோ நாற்பத்தாறையும் நாற்பத்தி நாலு என்று நம்பிக் கடலில் விட்டான், ஒரு வருஷம் முழுக்க. கண்டுபிடித்த அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாற்றித் தருகிறேன் என்றதற்கு, "இருக்கட்டும்கா. ஆபீசர் பண்ண தப்புக்கு ஒரு அத்தாட்சி வேணும்ல," என்றான்.

கோபித்துக்கொண்டு போனவன் வலையை மாற்றினான், துறைமுகத்தை மாற்றினான், போன் எண்ணை மாற்றினான். பலகையை மாற்றவில்லை.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. ரெண்டு சேர்த்துக்கிட்டேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். தொப்பி அனுப்பறேன், வேண்டாம்னாலும் குடுத்துடுங்க."

தசமம் மூன்று எண்களோடும் இரண்டைக் கூட்டினான். மீன்கள் மூன்றும் ஒழுங்காக ஒவ்வொரு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தன. "குடாவுலேருந்து அவ்வளவு தூரம் போயிருக்குதுக்கா," என்றான். "மூடி வச்சது இங்க, மீன் கிடைக்கறது அங்க."

"ம்," என்றாள். மீனுக்கு வழி தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தபால்காரர் வரும் நேரத்தில் அவளுக்கு வாசல் பக்கமே ஏதாவது வேலை இருந்தது. அளவுப் பலகைகளைக் கழுவினாள். கழுவியவற்றையே கழுவினாள். "அந்தப் பலகை தேஞ்சு சுருங்கப் போகுது," என்றான் தசமம்.

பதினேழாம் நாள் சீட்டு வந்தது. குமாஸ்தாவின் கையெழுத்து, பிடித்தவர் பெயர் இருக்கவேண்டிய இடம் இந்த முறையும் வெறுமையாகத்தான் இருந்தது. கீழே எழுதியிருந்ததை அவள் சத்தமாகப் படித்தாள்.

"நீளம் நாப்பத்தி நாலு. ரெண்டு சேர்த்தா நாப்பத்தாறுன்னு தெரியும், இருந்தாலும் விட்டுட்டேன்னு சொல்லச் சொன்னார். அது உங்க பக்கம் திரும்பி வந்தா, அளந்து தனக்குச் சொல்லணுமாம். தொப்பி சின்னதாம்."

தசமம் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "தொப்பி சின்னதுங்கறத எந்தக் கட்டத்துலக்கா போடறது?"

"கடைசியா குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு. அதுல போடு. ஒரு எழுத்து விடாம போடு."

அவள் அந்த மீனின் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, பெரிய தொப்பி இருக்கிறதா என்று பார்க்கச் சாமான் அறைக்குப் போனாள்.