மூன்று நிமிட ஆங்கிலம்

“நர்ஸு பிள்ளைகுட்டி எல்லாம் சௌக்கியமான்னு விசாரிக்கதுக்குள்ள ரெண்டு நிமிசம் போச்சு, கதீஜம்மா. ஒங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு எப்பம்தான் கேப்பிய?”

“எடுத்த எடுப்புல நம்ம காரியத்தக் கேட்டா மரியாதையா டீச்சர்?”

1

இந்தக் கதை இந்த இரண்டு வரிகளிலிருந்துதான் பிறந்தது. 1983இல், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், சீனியம்மாள் டீச்சரின் ஆங்கில வகுப்பில் கேட்டது. நானும் அங்கே மாணவன். முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்: ‘சங்கரன்கோவிலில் பனி பொழிந்துகொண்டிருந்தது.’ (மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படிக்கிறவனுக்கு வரும் வியாதி. அடித்துவிட்டேன்.)

2

மஸ்கட்டில் வேலைபார்த்த மம்மதுவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தந்தி வந்து பத்து நாள். பிறகு தகவலே இல்லை. மனைவி கதீஜம்மாள் போஸ்டாபீஸிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ட்ரங்க் கால் போட்டு விசாரிக்கவேண்டும். லைன் கிடைப்பது மூன்றே நிமிடம். எதிர்முனையில் ஆங்கிலம்.

டீச்சர் இலக்கணப் புத்தகத்தைத் தொடவில்லை. அறைக்கு நடுவே ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். அந்தப் பக்கம் அவர் நர்ஸ், இந்தப் பக்கம் கதீஜம்மாள், கடிகாரத்துடன் நான். வார்டு எண், உடல்நிலை, எப்போது பேசலாம் என்ற மூன்றும் கிடைத்தால்தான் எழுந்திருக்கலாம். “மை ஹஸ்பண்ட் கம் யுவர் ஹாஸ்பிடல்” என்றால் திருத்தமாட்டார். “விச் ஹஸ்பண்ட்?” என்று நர்ஸாகவே சிடுசிடுப்பார்.

“இவ என்ன, எனக்கு நாலு மாப்பிள்ளை இருக்க மாதிரில்லா கேக்கா!”

டீச்சர் ஒரு தேவதையைப் போல

(இந்த வாக்கியம் வேண்டாம். இவ்வளவு நல்லவரா என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். டீச்சருக்குக் கோபம் வரும். சாக்பீஸ் எறிவார்.*)

* என்மேல்தான். “‘கம்’ இல்லக்கா, ‘கேம்’” என்று நான் திருத்தப் போனேன். அன்று முழுக்க கதீஜம்மாள் வாயே திறக்கவில்லை.

3

ஒன்பதாவது ஒத்திகையில் மூன்றும் கிடைத்தன. மறுநாள் காலை மூவரும் போஸ்டாபீஸில். போனில் கேட்டதையெல்லாம் கதீஜம்மாள் உரக்கத் திருப்பிச் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன். வார்டு ஏழு. ஆபரேஷன் ஆகிவிட்டது, நலம். நான்கு நாள் கழித்துப் பேசலாம்.

இன்னும் நாற்பது வினாடி மிச்சம். அவர் ரிசீவரை வைக்கவில்லை. ‘நலம்’ என்பதை அவர் முகம் ஏற்கவில்லை. தயங்கி, ஒத்திகையில் இல்லாத ஒன்றைத் தானே கோத்துச் சொன்னார். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏலே, இத நான் சொல்லிக்குடுக்கவே இல்லலே!”

(முடிவு அ: மம்மது பேசினார். முடிவு ஆ: லைன் அறுந்தது. இரண்டையும் எழுதிக் கிழித்தேன். அந்த ஆங்கிலத்துக்குப் பதிலாக வைக்கத் தகுந்த வாக்கியம் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்டது இதுதான்:)

“சிஸ்டர், யூ சே குட். ஐ நாட் பிலீவ். ஹி டாக், ஒன் வேர்ட். ப்ளீஸ், பிரிங் மம்மது.”