பேர் வராத கோல்

ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு மலை உச்சி மெட்டிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய பொன்னுமணி, அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டியதற்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டான். மூன்று வருடமாக மிதிக்காத வாசல். உள்ளே அண்ணன் ஜேசுதாஸ் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் திடலோரம் நின்று ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதானாம்.

அழுகை வரும் என்றுதான் பொன்னுமணி வழியெல்லாம் எதிர்பார்த்தான். வந்தது பழைய கேள்வி. ஏன் என் பேரைச் சொல்லவில்லை? செத்தவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று தன்னையே திட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான்.

ஜேசுதாஸ் வாலிபத்தில் ஹாக்கி ஆடிப் பேர் வாங்கியவர். புருவத்தில் பந்து பட்டு ஆட்டம் நின்றுபோனதும் ரேடியோவில் ஆட்ட வர்ணனை சொல்லப் போனார். அவர் சொன்னால் பந்து நம் காலடியில் உருளும். மனைவி புஷ்பலதா பிளாஸ்கும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவர் வாய் திறப்பார் என்று ஊரில் கேலி செய்வார்கள். ஐம்பத்தைந்தாம் வருடம் போடி வியாபாரிகள் அணி மதுரையில் ஆடிய இறுதிப் போட்டிக்கும் அவர்தான் வர்ணனை. இங்கே நகராட்சிப் பூங்காவில் ரேடியோவைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. ஆத்தா முன்வரிசையில் இருந்தாள்.

முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது இடது ஓரத்தில் ஆடிய பொன்னுமணி கோல் போட்டான். பந்தைத் தடுத்தவன் பேர் ரேடியோவில் வந்தது, தள்ளிக் கொடுத்தவன் பேர் வந்தது. அப்புறம், "கோல்! போடி அணிக்கு வெற்றி!" போட்டவன் பேர் வரவில்லை. ஒலிபரப்பும் அத்தோடு முடிந்துபோனது. "அப்ப எம்பிள்ளை ஆடவே இல்லையா?" என்று ஆத்தா வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வீடு திரும்பியதை ஊர் ஒரு மாதம் சொல்லிச் சிரித்தது.

சொந்தத் தம்பியைத் தூக்கிப் பேசக் கூடாதென்று விட்டிருப்பார் என்றார்கள் சிலர். பொறாமை என்றான் பொன்னுமணி. மட்டையை விறகோடு போட்டுவிட்டு மலைக்கு ஏறி, எஸ்டேட்டில் கங்காணியானான். ஜேசுதாஸ் அடுத்த மாதமே ரேடியோவை உதறிவிட்டு ஊர் அணிக்கு மேனேஜர் ஆனார். இரண்டு தடவை தம்பியைத் தேடி மலைக்கு வந்தார். இரண்டு தடவையும் தம்பி பின்பக்கமாக ஏலத்தோட்டத்துக்குள் இறங்கிவிட்டான். அவ்வளவு ரோஷம்.

இப்போது புஷ்பலதா பெட்டி ஓரம் உட்கார்ந்து கணவரின் கையைப் பிடித்திருந்தாள். கோல்கீப்பர் பெரியகருப்பன் மாலையோடு நுழைந்தான். அவள் விரல் அந்த உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டியது. பின்னாலேயே நடு ஆட்டக்காரன் மொக்கச்சாமி வந்தான். ஐந்து விரலும் சேர்ந்து ஒரு அழுத்து. ஏலக்காய் வியாபாரிகள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். விரல் சும்மா இருந்தது.

துக்கத்தில் என்னவோ செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் வலது ஓரத்து ஆட்டக்காரன் வந்தபோது ஓர் அழுத்தும் இரண்டு தட்டும் விழுந்தன. ஏழு. அவன் ஆடுகிற இடத்தின் எண். பொன்னுமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தான். இரண்டு அழுத்து, ஒரு தட்டு. பதினொன்று. சந்தேகம் தீராமல் மறுபடியும் போய் வந்தான். மறுபடியும் பதினொன்று. எழவு வீட்டில் இவனுக்கு என்ன நடமாட்டம் என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "மதினி, என்ன எண்ணுறீக?"

"வந்திருக்குறது யாருன்னு அவுகளுக்குச் சொல்றேன். பழகிப்போச்சு."

பந்து பட்ட நாளிலிருந்தே பார்வை மங்கிக்கொண்டு வந்ததாம். தூரத்தில் சட்டை நிறமும் ஆள் ஓடுவதும் தெரியும், முகம் தெரியாது. மேசைக்கு அடியில் அவள் கை சொல்லும், மேலே அவர் வாய் சொல்லும். நம் ஆள் என்றால் உள்ளங்கை, எதிராளி என்றால் புறங்கை. தெரிந்தால் ரேடியோக்காரர்கள் விடுவார்களா? ஏழு வருடம் ஒரு குஞ்சுக்கும் தெரியாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

புஷ்பலதா குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு நீ அடிச்சதும் நா அவுக கைய விட்டுட்டு எந்திரிச்சுக் கைதட்டிட்டேன், தம்பி. சந்தோசத்துல எனக்கு ஒண்ணுமே ஓடல. யாரு, யாருன்னு கை துளாவிக்கிட்டு இருந்துருக்காக."

"இத ஏன் மதினி மறைச்சீக?"

"அவுகதான் சொல்ல விடல. அவனுக்கு அண்ணன்மேல கோவம்னா ஒரு நா ஆறிரும், மதினிமேல கோவம்னா வீடு ரெண்டாயிரும்னுட்டாக."

பொன்னுமணிக்குக் கோபம் பொங்கியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மேசைக்கடியில் துழாவிய அந்தக் கையைப் பார்த்தான். முகம் தெரியாத கண்ணோடு ஒரு மனுசன் தனியாகப் பஸ்ஸில் மெட்டேறி, வழி கேட்டுக் கேட்டு அட்டை கடிக்கிற காட்டில் நடந்து வந்திருக்கிறார். இவன் புதருக்குள் குத்தவைத்துக்கொண்டு அவர் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறான்.

"சமாதானம் பேசத்தான வந்தாரு?" என்றான்.

"அதுக்கில்ல தம்பி. அந்தக் கோல எப்படிப் போட்டன்னு அவுகளுக்குத் தெரியணும். ஆட்டக்காரவுக அம்புட்டுப் பேரையும் கேட்டுப் பாத்தாக. ஆளுக்கு ஒண்ணு சொன்னாக. ஒன்ட்டயே கேட்ருவோம்னுதான் மேல வந்தாக."

மூன்று மணிக்குப் போதகர் ஜெபத்தை முடித்தார். கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் நாலு பேர் பெட்டி மூடியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பொன்னுமணி கையை நீட்டி மறித்தான். முழங்கால் போட்டுக் குனிந்து, அண்ணனின் காதருகே வாயைக் கொண்டுபோனான்.

"அண்ணே, மொக்கச்சாமி தள்ளி விட்டான். வெயிலு நேரா மூஞ்சில அடிச்சுச்சு. எதுக்க ரெண்டு பேரு. மொத ஆளு வலது பக்கம் சாஞ்சான், நா எடது பக்கம்…"

முதலில் தடுமாறிய குரல் போகப்போகச் சீரானது. அவன் அவசரப்படவில்லை. மூடியைப் பிடித்திருந்த நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அதைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கி வைத்துவிட்டு, கேட்பதற்கு வாகாக இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து நின்றார்கள்.